கணிப்பொறிக்குள் ஒரு நீராவி எஞ்சின்



நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டிப் பார்க்க உங்களுக்கு ஆசை உண்டா? நம் நாட்டின் அகலப் பாதைகளில் அது வழக்கமான ஓட்டத்திலிருந்து 1990-களிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே அதன் காலம் முடிந்தது. ஆனாலும் இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் மாலை வேளைகளில் நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள். கரி அள்ளிப் போடுகிறார்கள். அழுத்தமானியைக் கவலையோடு பார்க்கிறார்கள். சக்கரம் சறுக்கினால் பதறுகிறார்கள். எல்லாம் வீட்டில், கணிப்பொறியின் முன்னால் அமர்ந்தபடியே!

'ரெயில் சிமுலேட்டர்' எனப்படும் விளையாட்டுகளே இதற்கு வழி செய்கின்றன. 2001-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்த எஞ்சின்களுள் ஒன்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்'. பின்னர் ஆர்வலர்கள் சேர்ந்து 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற சிமுலேட்டரை உருவாக்கினார்கள். அது இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம்.

இவற்றின் சிறப்பு என்ன தெரியுமா? விளையாட்டோடு வரும் எஞ்சின்கள் போதவில்லை என்றால், புதிய எஞ்சினை நாமே செய்து சேர்த்துக்கொள்ளலாம். இப்படிச் சேர்க்கப்படுவதை 'ஆட்-ஆன்' என்பார்கள். அதைச் செய்பவருக்குப் படம் வரையும் திறமை மட்டும் போதாது. நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் வேண்டும். எப்படி என்று பார்ப்போமா?

நான்கு கோப்புகள்

ஓர் எஞ்சின் ஆட்-ஆனைப் பிரித்துப் பார்த்தால் முக்கியமாக நான்கு பகுதிகள் தெரியும். முதலாவது, எஞ்சினின் முப்பரிமாண வடிவமும் அதன்மேல் போர்த்தும் வண்ணப் படங்களும். இரண்டாவது, டிரைவர் நிற்கும் அறையின் தோற்றம். கைப்பிடிகளும் மானிகளும் இதில் அடங்கும். மூன்றாவது, ஒலிகள். நான்காவது, எஞ்சினின் இயல்புகளைச் சொல்லும் கோப்பு. இது வெறும் எழுத்துக்கோப்புதான். சிலிண்டர்கள் எத்தனை, அவற்றின் விட்டம் என்ன, கொதிகலன் அழுத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று வரிவரியாக எழுதப்பட்டிருக்கும்.

பார்ப்பவர் கண்ணைக் கவர்வது முதல் கோப்பு. ஆனால் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று தீர்மானிப்பது நான்காவது கோப்பு. அதிலுள்ள ஓர் எண் தவறினாலும் போதும். தோற்றத்தில் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனாகவும் நடத்தையில் வேறு ஏதோ ஒன்றாகவும் அந்த எஞ்சின் ஆகிவிடும்.

என் மாணவர் ஒருவருக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. பல மாதங்கள் உழைத்து ஒரு ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனை உருவாக்கினார். ஒவ்வொரு தறையாணியும் தெரியும்படி வரைந்திருந்தார். "சார், மழையிலே 20 பெட்டிகளைப் பூட்டினாலும் சறுக்காமல் கிளம்புகிறது!" என்று பெருமையோடு காட்டினார். எனக்கோ அங்கேதான் ஐயம் எழுந்தது. உண்மையான எஞ்சின் அப்படிக் கிளம்பாதே! இருவரும் அந்த எழுத்துக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தோம். அந்தக் கணக்கை நீங்களும் எங்களோடு சேர்ந்து போடுங்கள்.

எந்த ஆண்டின் எஞ்சின்?

முதல் கேள்வியிலேயே ஒரு சிக்கல். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் 1923-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. அப்போது கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. சிலிண்டரின் விட்டம் 20 அங்குலம். 1947-இல் அதே எஞ்சின் மாற்றிக் கட்டப்பட்டது. அழுத்தம் 220 பவுண்டாக உயர்ந்தது. சிலிண்டரின் விட்டம் 19 அங்குலமாகக் குறைந்தது. பெயர் ஒன்று, எஞ்சின் இரண்டு!

தோற்றமும் அப்படியே. புகையை மேலே ஒதுக்கும் பக்கத் தகடுகள் 1960-களின் தொடக்கத்தில்தான் வந்தன. 1934-ஆம் ஆண்டு எஞ்சின் என்று பெயரிட்டுவிட்டு அந்தத் தகடுகளை வரைந்து வைத்தால், விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆகவே ஆட்-ஆன் செய்பவர் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டு, எண்ணும் தோற்றமும் அந்த ஆண்டுக்குப் பொருந்தும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் 1947-க்குப் பிந்தைய எஞ்சினை எடுத்துக்கொண்டோம்.

எவ்வளவு இழுக்கும்?

மெட்ரிக் அளவுகளில் எழுதிக்கொள்வோம். சிலிண்டர்கள் 3. ஒவ்வொன்றின் விட்டம் 0.483 மீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 0.660 மீட்டர். இயக்குச் சக்கரத்தின் விட்டம் 2.032 மீட்டர், உங்கள் அப்பாவைவிட உயரமான சக்கரம்! கொதிகலன் அழுத்தம் 1.517 மெகாபாஸ்கல். இது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு.

பிஸ்டனின் பரப்பு 0.183 சதுர மீட்டர். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். விடை ஏறக்குறைய 277 கிலோநியூட்டன். அதாவது, ஒரு பிஸ்டன்மீது 28 டன் எடையை வைத்தாற்போன்ற விசை!

கொதிகலனிலிருந்து சிலிண்டருக்கு வருவதற்குள் நீராவி சிறிது அழுத்தத்தை இழக்கும். ஆகவே 85 விழுக்காட்டை மட்டும் கணக்கில் கொள்வது எஞ்சினீயர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால், பிஸ்டன் ஒரு முறை நகரும்போது செய்யும் வேலை, விசை பெருக்கல் தூரம், ஏறத்தாழ 156 கிலோஜூல்.

நீராவி பிஸ்டனை முன்னும் தள்ளும், பின்னும் தள்ளும். எனவே சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் இரு முறை வேலை செய்கிறது. 3 சிலிண்டர்களுக்கு 6 முறை. மொத்த வேலை சுமார் 935 கிலோஜூல். அதற்குள் எஞ்சின் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்? சக்கரத்தின் சுற்றளவு, அதாவது 6.38 மீட்டர். வேலையைத் தூரத்தால் வகுத்தால் இழுவிசை கிடைத்துவிடும்: 146 கிலோநியூட்டன்.

இந்த எஞ்சினுக்கு ஆங்கிலேயர்கள் பதிந்து வைத்துள்ள இழுவிசை 32,910 பவுண்டு விசை. அதை மாற்றிப் பாருங்கள். அதே 146 கிலோநியூட்டன்தான்! எட்டாம் வகுப்பு இயற்பியல் நம்மை ஒரு பெரிய எஞ்சினின் வாசலுக்கே கொண்டுவந்து விட்டதல்லவா?

சக்கரம் சறுக்குவது ஏன்?

எஞ்சினிடம் 146 கிலோநியூட்டன் இருக்கிறது, சரி. தண்டவாளம் அதை ஏற்றுக்கொள்ளுமா? சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டுக்கும் இடையேயுள்ள உராய்வுதான் வண்டியை நகர்த்துகிறது. அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. உராய்வுக் குணகத்தை எடையால் பெருக்கினால் அந்த எல்லை தெரிந்துவிடும்.

எந்த எடை? கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்த எஞ்சினின் முன்னால் 4 சிறு சக்கரங்கள், நடுவில் 6 பெரிய இயக்குச் சக்கரங்கள், பின்னால் 2 சிறு சக்கரங்கள். பிஸ்டன்கள் சுழற்றுவது நடுவிலுள்ள 6 சக்கரங்களை மட்டுமே. மற்றவை சும்மா உருள்கின்றன. இயக்குச் சக்கரங்கள்மீது அமரும் எடை சுமார் 67 டன். அதன் விசை 657 கிலோநியூட்டன்.

உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் 0.25 என்று கொள்வோம். எல்லை 164 கிலோநியூட்டன். எஞ்சினின் 146 அதற்குள் அடங்குகிறது; சக்கரம் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் குணகம் 0.15 ஆகக் குறையலாம். அப்போது எல்லை 99 கிலோநியூட்டன்தான். டிரைவர் நீராவியை முழுவதும் திறந்தாரானால் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறிகொண்டு சுழலும்.

என் மாணவர் செய்த தவறு இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். 67 டன் என்று இருக்க வேண்டிய இடத்தில், எஞ்சினும் டெண்டரும் சேர்ந்த மொத்த எடையை எழுதிவிட்டார். அது 150 டன்னுக்கும் அதிகம். அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் மழையிலும் எல்லை 220 கிலோநியூட்டனைத் தாண்டுகிறது. அவருடைய எஞ்சின் எந்த மழையிலும் சறுக்காததில் வியப்பில்லை!

நீராவி ஒரு சேமிப்புக் கணக்கு

வண்டி கிளம்பிவிட்டது. இனித் தண்டவாளத்தைப் பற்றிக் கவலை குறைவு. புதிய கவலை கொதிகலனைப் பற்றியது.

மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 4.2 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர்களை முழுக்க முழுக்க நீராவியால் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 3 கன மீட்டருக்கு மேல் நீராவி தேவைப்படும். இந்த அழுத்தத்தில், மிகைவெப்ப நீராவியின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 6 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே விநாடிக்குச் சுமார் 18 கிலோகிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். டெண்டரில் இருப்பதோ 5,000 காலன், அதாவது 22,700 கிலோகிராம் தண்ணீர். வகுத்துப் பாருங்கள். 20, 21 நிமிடங்களில் டெண்டர் காலி! அதற்கு முன்பே கொதிகலன் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் இறங்கி, வண்டி நின்றுபோகும்.

இந்த வரவு செலவைத்தான் சிமுலேட்டர் ஓயாமல் கணக்கிடுகிறது. அது காலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும், நெருப்பு எவ்வளவு வெப்பம் கொடுத்தது, எவ்வளவு நீராவி பிறந்தது, சிலிண்டர்கள் எவ்வளவு செலவழித்தன என்று பார்க்கிறது. வரவு மிகுந்தால் அழுத்தம் சற்று ஏறும்; செலவு மிகுந்தால் சற்று இறங்கும். உடனே அடுத்த துண்டு. விநாடிக்குப் பல தடவை இப்படி நடப்பதால், நம் கண்ணுக்கு மானியின் முள் சீராக நகர்வது போலத் தெரிகிறது. பெரிய வகுப்புகளில் நீங்கள் படிக்கப் போகும் வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணிப்பொறி தீர்க்கும் முறை இதுவே.

இந்தக் கணக்கில் சுவையான நுட்பங்கள் உண்டு. இப்போது போட்ட கரி இப்போதே வெப்பம் தராது. சில நிமிடங்கள் ஆகும். எதிரே ஏற்றம் வரப்போகிறது என்றால் ஃபயர்மேன் முன்கூட்டியே தீயை வளர்க்க வேண்டும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும்போது, அடுப்புக்குள் காற்றை இழுத்துவிட்டுச் செல்கிறது. எஞ்சின் கடினமாக உழைக்க உழைக்கத் தீயும் தானே கொழுந்துவிடும்! கொதிகலனுக்குள் குளிர்ந்த நீரை விட்டால் அழுத்தம் குறையும். விடாமலிருந்தாலோ, அடுப்பின் கூரைக்கு மேலுள்ள நீர் வற்றி, அங்கே பொருத்தியுள்ள பாதுகாப்பு அடைப்பான் உருகிவிடும். ஓப்பன் ரெயில்ஸில் கவனமில்லாத ஓட்டுநருக்கு இந்தத் தண்டனையும் கிடைக்கும்.

கால் பங்கு நீராவி, பாதிக்கு மேல் வேலை

அப்படியானால் உண்மையான எஞ்சின் 20 நிமிடத்தில் வறண்டுபோகாமல் ஓடியது எப்படி?

பிஸ்டன் நகரத் தொடங்கி, கால்பங்குத் தூரம் சென்றதும் வால்வை மூடிவிடுகிறார்கள். அதற்குமேல் புதிய நீராவி வராது. உள்ளே அடைபட்ட நீராவி விரிந்து விரிந்து பிஸ்டனைத் தொடர்ந்து தள்ளுகிறது. வெப்பநிலை மாறவில்லை என்று எளிமைக்காகக் கொண்டால், பாயில் விதி இங்கே பொருந்தும். பிஸ்டன் பாதித் தூரத்தில் இருக்கும்போது அழுத்தம் பாதி. முக்கால் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. முடிவில் கால் பங்கு. முழு ஓட்டத்துக்கும் சராசரி பார்த்தால், தொடக்க அழுத்தத்தில் சுமார் 60 விழுக்காடு வருகிறது. அதாவது, செலவழித்தது கால்பங்கு நீராவி. கிடைத்தது 60 விழுக்காடு வேலை! ஒரு வரைபடத் தாளில் வரைந்து, கோட்டின் அடியிலுள்ள கட்டங்களை எண்ணிப் பாருங்கள், நீங்களே நம்புவீர்கள்.

இந்தச் சிக்கனம் கிரெஸ்லியின் எஞ்சின்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1925-இல் நடந்த ஒப்பீட்டு ஓட்டங்களில் வேறொரு ரெயில்வேயின் 'பென்டென்னிஸ் காஸில்' என்ற எஞ்சின் குறைந்த கரியில் நன்றாக ஓடிக் காட்டியது. அதன் பிறகு கிரெஸ்லியின் எஞ்சின்களில் வால்வுகள் கூடுதல் தூரம் நகரும்படி மாற்றியமைத்தார்கள். கரிச் செலவு கணிசமாகக் குறைந்தது. 1928 மே 1-ஆம் நாள் லண்டனிலிருந்து எடின்பரோ வரை 632 கி.மீ. தூரத்தை ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் எங்கும் நிற்காமல் கடந்தது. 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். டெண்டர் வழியே ஒரு குறுகிய நடைபாதை வைத்து, வண்டி ஓடும்போதே டிரைவரும் ஃபயர்மேனும் ஆள் மாறிக்கொண்டார்கள். தண்ணீரை வழியில் தண்டவாளங்களுக்கு நடுவே அமைத்திருந்த நீண்ட தொட்டிகளிலிருந்து, ஓடியபடியே முகந்துகொண்டார்கள். ஆட்-ஆன் கோப்பில் தண்ணீர் அளவை ஒரு சுழியம் கூட்டி எழுதிவிட்டால் இந்தத் தொட்டிகளுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்!

ஓசையிலும் கணக்கு உண்டு

இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 4 முறை 'குப்' என்று மூச்சுவிடும். 3 சிலிண்டர் எஞ்சினுக்கு 6 மூச்சு. வேறோர் எஞ்சினின் ஒலியைப் பதிந்து இங்கே ஒட்டிவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 2 அல்லது 3 மூச்சுகள் தனித்தனியாகக் கேட்கும். 96 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 25 மூச்சுகள். அவற்றைக் காது பிரித்தறியாது, ஒரே இரைச்சலாகக் கேட்கும். எனவே வெவ்வேறு வேகங்களுக்கு வெவ்வேறு ஒலிப்பதிவுகள் தேவை. அது மட்டுமா? கிரெஸ்லியின் எஞ்சின்களில் நடுச் சிலிண்டரின் வால்வை இயக்கும் நெம்புகோல்கள் தேய்ந்துவிட்டால் 6 மூச்சும் ஒரே சீராக இருக்காது. தேர்ந்த செவி அதையும் எதிர்பார்க்கும்.

தேர்வு நாள்

ஆட்-ஆன் முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? உண்மையான ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான். 1934 நவம்பர் 30 அன்று லீட்ஸிலிருந்து லண்டன் திரும்பும்போது ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் மணிக்கு 100 மைல், அதாவது 161 கி.மீ. வேகத்தைத் தொட்டது. முறைப்படி பதிவான வகையில் நீராவி எஞ்சின் ஒன்று இந்த வேகத்தை எட்டியது அதுவே முதல் தடவை. அப்போது அது இழுத்தது ஒரு சிறிய வண்டி. இறங்கியது ஸ்டோக் சரிவில். 180 பவுண்டு அழுத்தத்துக்கான எண்களை எழுதி, அதே சரிவில் சிறிய வண்டியோடு விட்டுப் பார்க்கலாம். நெருங்கி வந்தால் எண்கள் ஓரளவு சரி. கனத்த வண்டியோடு ஏற்றத்திலும் 100 மைல் போனால், எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

விளையாட்டுதானே, இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். இந்த இன எஞ்சின்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே. மற்றவை உடைக்கப்பட்டு இரும்பாகிவிட்டன. அவற்றை ஓட்டியவர்களும் மறைந்து வருகிறார்கள். அந்த எஞ்சின் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது எல்லை வகுப்பது தண்டவாளம்; ஓடும்போது எல்லை வகுப்பது கொதிகலன். இந்த எல்லைகளைச் சரியாக எழுதாவிட்டால், நாளை அதை ஓட்டிப் பார்க்கும் சிறுவன் பொய்யான எஞ்சினைத்தான் மெய் என்று நம்புவான்.

என் மாணவர் 67 டன் என்று திருத்தி எழுதினார். மழையில் 12 பெட்டிகளைப் பூட்டி நீராவியைத் திறந்தார். சக்கரங்கள் 'கடகட'வென்று சுழன்றன, வண்டி அசையவில்லை. மூடினார். தண்டவாளத்தில் மணல் தூவும் பொத்தானை அழுத்தி, மெல்ல மெல்லத் திறந்தார். மூன்றாம் தடவைதான் வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்து, "சார், இப்போதுதான் இதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது!" என்றார். அவர் முகத்தில் முன்பைவிட மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

நம் நாட்டில் விரைவு வண்டிகளை இழுத்துப் புகழ்பெற்றது 'டபிள்யூ.பி.' வகை எஞ்சின். முதல் எஞ்சின்கள் 1947-இல் அமெரிக்காவிலிருந்து வந்தன. பின்னர் சித்தரஞ்சனிலும் கட்டப்பட்டன. இதன் சிலிண்டர்கள் 2, விட்டம் 0.514 மீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 0.711 மீட்டர், இயக்குச் சக்கரத்தின் விட்டம் 1.702 மீட்டர், கொதிகலன் அழுத்தம் 1.448 மெகாபாஸ்கல். மேலே கண்ட முறைப்படி இதன் இழுவிசையைக் கண்டுபிடியுங்கள். ஒரு கி.மீ. தூரத்தில் அது எத்தனை முறை 'குப்' என்று மூச்சுவிடும் என்பதையும் கணக்கிடுங்கள்.

நீராவி எஞ்சினின் மூச்சை நேரில் கேட்க விரும்புவோர் நீலகிரி மலை ரெயிலுக்குச் செல்லலாம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே அது இன்றும் நீராவி எஞ்சினால்தான் ஏறுகிறது.

(விடை: இழுவிசை சுமார் 136 கிலோநியூட்டன், ஒரு கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 748 மூச்சுகள்.)